அந்தப் பாதிச் செங்கல் எங்கே?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் சிற்றூர் எங்களுடையது. தனிநபர் இல்லக் கழிப்பறைத் திட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான்கடி ஆழத்தில் இரண்டு குழி தோண்டி, உறையும் இறக்கியாகிவிட்டது. இப்போது மேஸ்திரி, "இந்தக் குழி ஆறு மாசத்துல ரொம்பிடும். இன்னும் 38,000 குடுங்க, பத்தடிக்கு செப்டிக் டேங்காவே போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் கவலையில்லை" என்கிறார். மாமனாரும், "ரொம்பினா யார் அள்றது? நான் காட்டுக்கே போயிக்கிறேன்" என்கிறார். வீட்டில் ஐந்து பேர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 38,000 ரூபாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். குழி ஆறு மாதத்தில் நிரம்பாது. ஆனால் உங்கள் மேஸ்திரி மனது வைத்தால் நிரம்ப வைக்க முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

குழிக்குள் போவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உறையிலுள்ள துளைகள் வழியாகவும் அடிமண் வழியாகவும் அது இறங்கிவிடும். வாயுவையும் சுற்றியுள்ள மண்ணே குடித்துக்கொள்ளும். அதனால் இந்த வகைக்குக் காற்றுக்குழாய் கூட வேண்டாம். மிஞ்சுகிற சக்கை, ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 40, 45 லிட்டர். ஐந்து பேருக்கு 225 லிட்டர் என்றே வையுங்கள். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வட்டக்குழி 785 லிட்டர் கொள்ளும். மூன்று, மூன்றரை ஆண்டு ஓடும். அப்புறம் இரண்டாவது குழி இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் குழிக்கு அடியில் மண் மண்ணாகவே இருந்தால்தான். மேஸ்திரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: பூசாமல் விட்டால் வேலை முடியாத மாதிரி கை அரிக்கும். துளையில்லாத உறையை இறக்கி, அடியில் காங்கிரீட் கொட்டி, உள்பக்கம் சிமெண்ட் பூசி, "சும்மா கல்லு மாதிரி நிக்கும்" என்பார்கள். நிற்கும், தண்ணீரும் சேர்ந்து நிற்கும். அது செப்டிக் டேங்கும் இல்லை, உறிஞ்சுகுழியும் இல்லை, வெறும் தொட்டி. அப்படிப் பூசிய குழிதான் மாதக் கணக்கில் நிரம்பும். நிரம்பியதும் அதே ஆள் வந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்பார். இன்றைக்கே டார்ச் அடித்து உறையில் துளை இருக்கிறதா, அடியில் மண் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, மாமனார் கேட்ட கேள்விக்கு வருவோம். அது அழுக்குப் பற்றிய கேள்வி மட்டுமில்லை. யாரைக் கூப்பிடுவது, யார் இறங்குவார், நாம் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று தலைமுறை தலைமுறையாக வந்த சாதிக் கணக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இரட்டைக் குழியில் பச்சை மலத்தை யாரும் அள்ளுவதில்லை. முதல் குழி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்புகிறீர்கள். அடைத்த குழியை இரண்டு ஆண்டு தொடக்கூடாது. ஒரே ஆண்டு போதும் என்பார்கள். நாக்குப்பூச்சி முட்டை லேசில் சாகாது, இரண்டாண்டு விடுங்கள். பிறகு மூடியைத் திறந்தால் ஆற்று வண்டல் மாதிரி உதிரியான மண்தான் இருக்கும், நாற்றம் இருக்காது. நான் ஒரு பொட்டலம் பையில் வைத்திருப்பேன். நம்பாதவர்களிடம் கொடுத்து முகரச் சொன்னால், "காப்பித் தூளா?" என்று கேட்டவர்கள் உண்டு.

மத்தியக் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயர், 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் அப்படி ஆறிய குழிக்குள் தாமே இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். மத்திய அரசின் செயலரே அள்ளியிருக்கிறார் என்று மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

செப்டிக் டேங்க் அப்படியில்லை. பத்தடி போட்டாலும் இருபதடி போட்டாலும் மேலே தினமும் புதிது விழுந்துகொண்டே இருக்கும். ஆறுவதற்கு நேரமே கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சியே ஆகவேண்டும். "ஆயுசுக்கும் கவலையில்லை" என்ற மேஸ்திரியிடம் லாரிக்காரர் நம்பரைக் கேளுங்கள், கையில் வைத்திருப்பார். உங்கள் சந்துக்குள் லாரி நுழையாவிட்டால், "ஆள் வச்சு எடுத்துடலாம்" என்று ஒரு தரகர் வருவார். கதவைச் சாத்துங்கள். டேங்குக்குள் இருக்கும் வாயு ஆளை ஒரே நிமிடத்தில் சாய்க்கும், தூக்கப் போனவரும் உள்ளேயே விழுவார். பாதுகாப்பு ஏதுமில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் பத்து லட்சம் என்றது, 2023-இல் முப்பது லட்சமாக்கியது. சாவு நின்றபாடில்லை.

இனி தலைப்பிலுள்ள செங்கல். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்ன சேம்பரில் விழுந்து, ஒய் வடிவத்தில் இரண்டு குழிக்கும் பிரியும். இரண்டு வாயில் ஒன்று எப்போதும் அடைபட்டிருக்க வேண்டும். பாதிச் செங்கலை வைத்து மண் அப்பினால் போதும். பத்து ரூபாய் வேலை. நான் போகிற வீடுகளில் முதலில் திறக்கச் சொல்வது இந்த சேம்பர் மூடியைத்தான். ஒரு வீட்டில் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது, மூடியை சிமெண்ட் வைத்தே ஒட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு வாயும் ஆவென்று திறந்து கிடந்தன. இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பி, எதுவும் ஆறாமல், கழிப்பறை விறகு வைக்கும் அறையாகிவிட்டிருந்தது. சுவரில் மட்டும் திட்டத்தின் பெயரும் பயனாளி பெயரும் பளிச்சென்று இருந்தன.

அதுதான் எனக்கு எரிச்சல். 2014-இல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியபோது கழிப்பறைக்கு வைத்த 12,000 ரூபாய் மானியத்துக்கு, கட்டியதும் வந்து கதவோடு படம் எடுத்து ஏற்றுகிறார்கள். சேம்பரைத் திறந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் இடமில்லை. அப்புறம், "ஜனங்க பழக்கத்தை மாத்த முடியல" என்று கூட்டம் போடுவார்கள். தொகை உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். "நான் முடிச்சுத் தர்றேன், ரெண்டாயிரம் வெட்டுங்க" என்பவருக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊருக்குப் பொருந்தாது, ஆனால் படிப்பவர்களில் டெல்டாக்காரர்கள் இருப்பார்கள். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இரண்டு மீட்டராவது மண் வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மண்வெட்டி போட்டாலே தண்ணீர் ஊறும். அங்கே இதே குழியைத் தோண்டினால் மலம் நேரே அடிபம்புக்குப் போய்ச் சேரும். கோடையில் தோண்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கீழதான் இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள், மழைக்கால மட்டம்தான் கணக்கு. அங்கே குழியைத் தரைக்கு மேலே உயர்த்திச் சுற்றி மண் அணைக்கலாம். இல்லையென்றால் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவி, தரைக்கு மேலேயே அறை கட்டிச் சேர்க்கும் ஈகோசான் முறை. திருச்சி மாவட்டம் முசிறியில், காவிரிக்கரையில், இப்படி நடக்கிறது. அதைப் பரப்பிய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்டாவில் கட்டுபவர்கள் முதலில் முசிறிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

உங்களுக்கு மிச்சமுள்ளது கொஞ்சம்தான். போர்வெல்லிலிருந்து குழி 33 அடி தள்ளி இருக்கட்டும். டவுன் கடையில் மினுக்கும் தட்டைக் கோப்பை வாங்காதீர்கள். கிராமத்துக்கென்று சரிவு அதிகமான கோப்பை இருக்கிறது, இரண்டு லிட்டர் தண்ணீரில் எல்லாம் போய்விடும். தட்டைக் கோப்பைக்கு ஒரு வாளி வேண்டும், அந்த வாளியைத் தூக்கப்போவது மாமனார் இல்லை, நீங்கள். குளிக்கிற தண்ணீரை இந்தக் குழிக்கு விடாதீர்கள், நாப்கின், டயப்பர் எதையும் போடாதீர்கள். மாமனாருக்குக் கையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும், ராத்திரிக்கு ஒரு பல்பும் போடுங்கள். காட்டுக்குப் போவதற்குப் பாதிக் காரணம் முழங்கால் வலியும் இருட்டும்தான் என்று பல பெரியவர்கள் என்னிடம் மெதுவாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மேஸ்திரிக்குக் கடைசிக் கூலியைக் கொடுப்பதற்கு முன்னால் சேம்பர் மூடியை அவரையே திறக்கச் சொல்லுங்கள். செங்கல் எந்த வாயில் இருக்கிறது என்று பார்த்து, புழங்கும் குழி எது, எந்தத் தேதியில் தொடங்கியது என்று கழிப்பறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.