சிக்கிள் செல் உள்ள பையனை ஊட்டிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் கூடலூர் பக்கம் இருக்கிறோம். ஒன்பது வயது மகனுக்குச் சிக்கிள் செல் ரத்தசோகை. மாத்திரை தவறுவதில்லை. போன மழைக்காலத்தில் கால்வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதிலிருந்து பாட்டி அவனை விளையாடவே விடுவதில்லை. இப்போது பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா போகிறார்கள். அழுகிறான். அனுப்பலாமா?

பதில்: ஒருமுறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இப்போது காய்ச்சலோ வலியோ இல்லை, ரத்த அளவும் வழக்கம்போல் இருக்கிறது என்றால் அனுப்புங்கள் அம்மா.

இந்த நோய் நம் மலைக்குப் புதிதல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதை 1952-லேயே கண்டறிந்து பதிவு செய்திருக்கிறார்கள். சாதாரணமாக ரத்தச் சிவப்பணு 120 நாள் வரை இருக்கும். இவர்களுக்கு அது அரிவாள் போல வளைந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் அழிந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும்போதுதான் அந்த வலி. குளிர், உடம்பில் தண்ணீர் குறைவது, காய்ச்சல், அளவுக்கு மீறிய களைப்பு, இவைதான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுபவை. பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஓடலாம், பந்து விளையாடலாம். களைத்தால் உட்கார விட வேண்டும், நடுநடுவே தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். மழையில் நனைந்த சட்டையோடு அரைமணி நேரம் நிற்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ப் பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இந்தக் குழந்தைகளின் சிறுநீரகம் தண்ணீரைச் சேமித்து வைக்காது. அதனால் அடிக்கடி சிறுநீர் வரும், சிலர் இரவில் படுக்கையிலும் போய்விடுவார்கள். பாத்ரூமுக்கு விடமாட்டார்கள் என்ற பயத்திலேயே பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும். கேட்டபோதெல்லாம் அனுப்பச் சொல்லுங்கள். கண் மஞ்சளாக இருப்பதும் இந்த நோயால்தான், யாருக்கும் ஒட்டாது, தனியாக உட்கார வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 'ரத்தம் கம்மி' என்று கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்னால் மட்டும். இந்த நோய்க்கான ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், நன்றாக இருக்கிறான் என்று நிறுத்தவும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

சரி, சுற்றுலா. ஊட்டி உங்கள் ஊரைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம், காற்றும் குளிரும் அதிகம். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மாற்றுச் சட்டை, ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். அங்கே மட்டும் மேலே ஓடி ஏறாமல் மெதுவாக நடக்கட்டும். லேசாக வலித்தால் தண்ணீர், ஓய்வு, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம். ஐஸ் வைக்கவே கூடாது. 101 டிகிரி காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இடதுபக்க வயிறு வீங்கி முகம் வெளுப்பது, கை கால் அல்லது முகம் ஒருபக்கம் இழுப்பது, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோயின் பெயர், மருந்து, ரத்த வகை, உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று அவன் பையிலும் இன்னொன்று ஆசிரியரிடமும் இருக்கட்டும்.