256 வாட்-அவர் பவர் ஸ்டேஷனை லே விமானத்தில் கொண்டுபோகலாமா?

நண்பரே, வாங்கிய பவர் ஸ்டேஷனை, அதாவது சார்ஜ் ஏற்றித் தரும் பெரிய பேட்டரிப் பெட்டியை, சென்னையிலிருந்து விமானத்தில் லடாக்கின் லேவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவர் வரை என்றால் கைப்பையில் வைக்கலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதைத் தாண்டினால் எந்தப் பையிலும் கூடாது. உங்களுடையது 256. செக்-இன் பெட்டிக்குள் துணியைச் சுற்றி வைத்துவிடலாம் என்று யோசிக்காதீர்கள், ஸ்கேனில் மாட்டும்.

நீங்கள் சார்ஜ் ஏற்றப்போவது போன், கேமரா, லேப்டாப் மட்டும்தானே? 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு வாங்குங்கள். 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-அவர்; அதைச் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஒன்றுக்கு 74 வாட்-அவர்தான் வரும், கைப்பையில் பிரச்சினை இல்லை. லேப்டாப்புக்கு டைப்-சியில் 65 வாட் வெளியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண 18 வாட் பேங்க் லேப்டாப்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அப்புறம், அங்கே ராத்திரிக் குளிர். பேங்கைத் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உறைந்து கிடக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும்.

பவர் ஸ்டேஷன் வீண் இல்லை. அடுத்த கார் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் 100 வாட் ஏறினால் மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும்.