தெரியாமல் நடந்ததுதான், ஆனாலும் கோபம் போகவில்லையே?

கேள்வி: தம்பி காரை ரிவர்ஸ் எடுத்தபோது என் நாய் சக்கரத்தில் சிக்கிச் செத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, அவனே அழுதான். இரண்டு மாதமாகியும் அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மனசுதான் கோணலா?

பதில்: கோணலெல்லாம் இல்லை. உங்களுக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று நோக்கத்தைப் பார்க்கிறது, இன்னொன்று நடந்ததைப் பார்க்கிறது.

நடந்ததைப் பார்ப்பதுதான் முதலில் வருவது. குழந்தைகளின் மனசை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே 1932-இல் எழுதிய சோதனை ஒன்று உண்டு. தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன், ஜாம் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த பையன், இவர்களில் யார் பொல்லாதவன்? சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனைத்தான் கைகாட்டின.

நோக்கத்தை எடைபோட மூளை தனியாக உழைக்க வேண்டும். வலது காதுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கும் ஒரு பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு. மூளை ஆய்வாளர்கள் லியான் யங்கும் ரெபெக்கா சாக்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்தவர்களின் அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் குழப்பினார்கள். உடனே அவர்கள், கெடுக்க நினைத்தும் பலிக்காமல் போன ஆளைக்கூட, 'ஒன்றும் ஆகவில்லையே' என்பதுபோல் கொஞ்சம் கூடுதலாகவே மன்னித்தார்களாம்!

பெரியவர்களிடமும் பழைய கணக்கு அழிவதில்லை. 'அவன் செய்தது தப்பா?' என்று கேட்டால் நோக்கத்தை வைத்துப் பதில் சொல்கிறோம். 'என்ன தண்டனை தரலாம்?' என்றால் விளைவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உளவியலாளர் ஃபியரி குஷ்மனின் 2008 ஆய்வு காட்டியது இதைத்தான். தம்பி கெட்டவன் இல்லை என்று நீங்கள் நம்புவதும், அவன்மேல் எரிச்சல் வருவதும் ஒன்றையொன்று பொய்யாக்காது.

சரி, என்ன செய்வது? மன்னித்தேன் என்று வாயால் சொல்லிப் பார்க்காதீர்கள், பாதிக்குப் பாதி அது நடிப்பாகத்தான் முடியும். வேண்டுமென்று செய்ததற்கும் தற்செயலுக்கும் நடுவில் கவனக்குறைவு என்று ஒன்று இருக்கிறது. 'பின்னால் பார்த்திருக்கலாமே' என்பது உங்களை அரிக்கிறதா? அப்படியானால் அதை அவனிடமே கேளுங்கள். 'பார்த்துத்தான் எடுத்தாயா, இல்லை கையில் போன் இருந்ததா?' பார்த்துத்தான் எடுத்தான் என்றால் கோபத்துக்குப் பிடிமானம் குறையும். போன் இருந்தது என்றால் அதற்காகத் தாராளமாகச் சண்டை போடுங்கள், அந்தக் கோபம் நியாயமானது.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு நாயை அவிழ்த்துவிட்டது நீங்களாக இருந்தால், அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.