சந்து விட்ட படகு

கேள்வி: தாத்தா காலத்துத் துடுப்புப் படகு ஒன்று எங்கள் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. பலகைமேல் பலகை ஏற்றிச் செம்பாணி அடித்த படகு. இப்போது நகம் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருக்கிறது. அப்பாவும் மச்சானும் நானும் அதைச் சீர்செய்ய விரும்புகிறோம். சந்துகளில் எபாக்சி அடைத்து, வெளியே ஃபைபர் போர்த்திவிடலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். ஈரம் வற்றிப் பலகை சுருங்கியதால் உண்டான சந்து அது. தண்ணீரில் ஊறினால் பலகை பருத்துத் தானே மூடிக்கொள்ளும். இறுகிய பசை அங்கே இருந்தால், பருக்க இடமின்றி ஆணி நெகிழும், அல்லது பலகையே பிளக்கும். ஃபைபர் போர்த்தினாலோ, உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை மறைவாக உளுக்கச் செய்யும்.

முதலில் அடிக்கட்டையான ஏராவையும், அதை ஒட்டிய பலகையையும், பின்பலகை சேரும் மூலைகளையும் குத்தூசியால் அழுத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளமான சிம்பாகப் பெயரும். உளுத்தது பழைய ரொட்டிபோலக் குறுக்கே உதிரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் நனைத்தே சுரண்டுங்கள்; அந்த நேரத்தில் குழந்தைகள் அருகில் வேண்டாம்.

உளுத்த பகுதியை வெட்டிப் புதுப்பலகை சேர்க்கும்போது இரு முனைகளையும் முட்டவைக்காமல், சாய்வாகச் சீவிப் படியவைத்து ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் பலகையின் கனத்தைப்போல் 8 மடங்கு இருக்கட்டும்; 12 மி.மீ. பலகைக்கு ஏறத்தாழ 10 செ.மீ. வரும். மச்சானின் எபாக்சிக்கு உரிய இடம் இதுதான். ஏராவே உளுத்திருந்தால் தூத்துக்குடிப் பக்கத்து ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள். 1863-இல் உங்கள் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய மதுரை கலெக்டர் வெரே லெவிஞ்சும் முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் தருவித்தார் என்பார்கள்.

செம்பாணி அடிப்பது ஒருவரால் ஆகாது. வெளியே ஒருவர் ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் செம்பு வளையத்தை ஆணியில் இறக்கி, மிஞ்சிய முனையை நறுக்கி, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக் குமிழாக்க வேண்டும். அடியின் ஓசையைக் கேட்டே பிடியைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், அப்பாவும் மகனும் சேர்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. அனுபவமுள்ள கை உள்ளே இருக்கட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் ஊரில் மழையும் மூடுபனியுமாக இருக்கும். அப்போது பெயின்ட் அடித்தால் பிடிக்காது. பிப்ரவரி, மார்ச்சில், பனி உலர்ந்த முற்பகலில் தொடங்கி வெயில் தாழுமுன் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஊறவைப்பது. தாங்குகட்டைமேல் இருக்கும் படகில் தண்ணீரை நிரப்பாதீர்கள். 1,000 லிட்டர் ஒரு டன் எடை, கூடே விரிந்துவிடும். நனைத்த சாக்குகளை உள்ளே பரப்பிச் சில நாள் ஈரமாக வைத்திருந்து, பிறகு கரையோர ஆழமற்ற நீரில் கட்டிப்போடுங்கள். முதலில் தண்ணீர் ஏறத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பின்னும் ஒழுகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அங்குள்ள ஆணிகளை மட்டும் மீண்டும் இறுக்கினால் போதும்.