மகள் பரிசு வாங்கிய படத்தை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

கேள்வி: ஒன்பது வயது மகள் கேரம் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் போடாதே என்கிறான் என் தம்பி. அவ்வளவு பயப்பட வேண்டுமா?

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். படத்தோடு சேர்ந்து என்னென்ன வெளியே போகின்றன என்று பாருங்கள்.

வியாசர்பாடியில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றோர் பெருமையோடு போடும் படங்களில் சீருடை இருக்கும், அதில் பள்ளியின் பெயர் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். கீழே பிள்ளையின் முழுப் பெயரும் பயிற்சி நேரமும். இவையெல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரிவது பிள்ளைக்குக் காவல்தான். இருட்டிய பிறகு தனியாக நடந்தால் இஸ்திரி போடும் அண்ணனே நிறுத்தி விசாரிப்பார். முன்பின் அறியாத ஒருவனுக்குத் தெரிந்தால் கதை வேறு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மாஸ்டர் அனுப்பினார்" என்று அவன் பேச்சைத் தொடங்கினால் ஒன்பது வயதுப் பிள்ளை நம்பிவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஸ்டேட்டஸை மாற்றாமல் விட்டால், உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும் உங்கள் தொடர்புகள் எல்லாரும் பார்க்கலாம். உறவினர் மட்டுமா அதில் இருக்கிறார்கள்? வீட்டுத் தரகரும் எப்போதோ வந்த ஏசி மெக்கானிக்கும் இருப்பார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். போனில் கேமராவின் இருப்பிட அனுமதியை நிறுத்திவையுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஆனால் தனிநபர் தம் சொந்த, குடும்ப நோக்கத்துக்காகச் செய்வது அந்தச் சட்டத்துக்குள் வராது. அதாவது, நீங்களே போடும் படத்துக்கு உங்கள் நிதானத்தைத் தவிர வேறு வேலி இல்லை.

யாராவது பிள்ளைக்குத் தொல்லை தரும் செய்தியோ, உருமாற்றிய படமோ அனுப்பினால், அதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் தரலாம். தயவுசெய்து கோபத்தில் பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. அந்த மௌனத்தை வைத்துத்தான் மிரட்டுபவன் மேலும் மேலும் கேட்கிறான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். பள்ளிப் பெயரும் அடையாள அட்டையும் தெரியாதபடி வெட்டிக்கொள்ளுங்கள். கோப்பையும் போர்டும் அவள் சிரிப்பும் போதும். அவளிடம் கேட்டு, அவள் சரி என்றால் சொந்தக்காரர்கள் குழுவில் போடுங்கள். ஃபேஸ்புக் வேண்டாம்.