ஓய்வு நேரமும் லாக்டேட் அளவும்: ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டிரெட்மில்லில் ஒரே மாதத்தில் இரண்டு முறை படிநிலைச் சோதனை (வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியின் முடிவிலும் இரத்தத்தில் லாக்டேட்டை அளப்பது) செய்துகொண்டேன். முதல் முறை படிகளுக்கு இடையே 30 விநாடி நிறுத்தினார்கள். அடுத்த முறை வேறோர் இடத்தில் 2 நிமிடம். இரண்டாவதில் என் த்ரெஷோல்டு வேகம் (லாக்டேட் விரைந்து ஏறத் தொடங்கும் வேகம்) கூடியிருந்தது. இது முன்னேற்றமா?

பதில்: மாறியது சோதனை, உங்கள் உடல் மாறியதாக இதை வைத்துச் சொல்ல முடியாது. லாக்டேட் என்பது தசைகள் சர்க்கரையை உடைக்கும்போது உருவாகும் பொருள். தசைகளிலிருந்து வந்து சேரும் லாக்டேட்டில், இதயமும் கல்லீரலும் வேலை குறைந்த தசை இழைகளும் எடுத்துக்கொண்டது போக அந்த நொடியில் எஞ்சியிருப்பதைத்தான் இரத்தத்தில் அளக்கிறோம். ஓட்டத்தை நிறுத்தியதும் உற்பத்தி விரைவில் குறைந்துவிடுகிறது. எடுத்துக்கொள்ளும் வேலையோ தொடர்கிறது. ஏழு படிகள் கொண்ட சோதனையில் 2 நிமிட இடைவெளிகள் சேர்ந்தால் 12 நிமிட ஓய்வு ஆகிவிடும் என்பதால், ஒவ்வொரு வேகத்திலும் கிடைக்கும் அளவு சற்றுக் குறைந்து, வேகத்தையும் லாக்டேட்டையும் காட்டும் வரைகோடு வலப்புறம் நகர்ந்து, வழக்கமாகத் த்ரெஷோல்டாகக் குறிக்கப்படும் 4 மில்லிமோலை (ஒரு லிட்டர் இரத்தத்தில்) நீங்கள் அதிக வேகத்தில் தொடுவதுபோலத் தெரியும். ஓய்வின் நீளம் குறிக்கப்படாத சோதனை அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே கருதுகிறேன்.

சைக்கிள் வீரரிடம் பெடல் மிதிக்கும்போதே இரத்தம் எடுத்துவிடலாம். ஓட்டக்காரரோ நின்றாக வேண்டும். காது மடலைத் துடைத்து, உலரவிட்டு, குத்தி, முதல் துளியைத் துடைத்தெறிந்து, இரண்டாம் துளியை அளவுக் கருவியின் சோதனைப் பட்டையில் ஏற்ற வேண்டும். இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு லாக்டேட் வியர்வையில் இருப்பதால், துளியில் அது கலந்தால் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். பழகிய கைக்கு இதற்கு 30 விநாடி போதும். அந்த 30 விநாடியை எல்லாப் படிகளிலும், எல்லாச் சோதனைகளிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 400 மீட்டரை முழு வேகத்தில் ஓடி முடித்த உடனே எடுத்த அளவு, ஐந்து நிமிடம் கழித்து எடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. கருவி பழுதா?

பதில்: கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். தசைக்குள் தேங்கியது இரத்தத்துக்கு வந்து பரவ நேரம் பிடிக்கும். கடும் ஓட்டத்துக்குப் பின் உச்ச அளவு பெரும்பாலும் 3 முதல் 8 நிமிடங்களுக்குள் வரும். அதற்குப் பின் சும்மா உட்கார்ந்திருந்தால் பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 முதல் 25 நிமிடம் ஆகும். மெதுவோட்டம் ஓடினால் இன்னும் விரைவாக இறங்கும். ஆகவே உச்ச அளவைத் தேடுகிறவர் ஓடி முடித்ததும் ஓடவோ நடக்கவோ கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் பல துளிகள் எடுக்க வேண்டும்.

கேள்வி: நார்வே வீரர்களைப் போல 1000 மீட்டர் ஓட்டங்களை 1 நிமிட ஓய்வுடன் ஓடுகிறேன். லாக்டேட் 3 மில்லிமோலில் நிற்கிறது. இந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓட முடியுமா?

பதில்: அப்படிக் கணக்கிட வேண்டாம். அதே வேகத்தில் நிற்காமல் ஓடினால் அளவு 3-க்கு மேலே போகவே வாய்ப்பு அதிகம். ஓட்டத்தைத் துண்டுகளாக்கி, லாக்டேட்டை ஏறவிடாமல் அதிக வேகத்தில் அதிக தூரம் ஓடிவிடுவதுதான் நார்வேயின் முன்னாள் ஓட்டக்காரர் மாரியஸ் பாக்கன் போன்றோர் பரப்பிய அந்தப் பயிற்சியின் நோக்கமே. பயிற்சியைக் கட்டுக்குள் வைக்க அந்த எண் நல்லது. தொடர் ஓட்டத்தின் எல்லையை அறிய வேண்டுமானால், ஒரே வேகத்தில் 30 நிமிடம் ஓடி, கடைசி 20 நிமிடத்தில் அளவு 1 மில்லிமோலுக்கு மேல் உயராத உச்ச வேகத்தை வெவ்வேறு நாள்களில் தேட வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சோதனைக்குச் சற்று முன் இரண்டு வேக ஓட்டங்கள் ஓடிவிட்டேன். முதல் படியிலேயே அளவு அதிகம். பிறகு இறங்கி, மீண்டும் ஏறியது.

பதில்: முந்தைய ஓட்டங்களின் மிச்சம் அது. வேண்டுமென்றே முதலில் லாக்டேட்டை ஏற்றிவிட்டு, அது அடிமட்டத்தைத் தொடும் வேகத்தைக் கண்டறியும் தனிச் சோதனை முறையும் உண்டு. உங்களுடையது அந்த முறைப்படி திட்டமிட்டதன்று. வேறொரு நாள், மெதுவோட்டத்தோடு மட்டும் உடலைச் சூடாக்கி, அளவு 1 மில்லிமோலை ஒட்டி இருப்பதைப் பார்த்த பிறகு முதல் படியைத் தொடங்குங்கள்.