எந்தச் சர்க்கரை அளவு உண்மை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. 12 வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன கார்த்திகையில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 57 வந்து, சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா என்றார்கள். அதைக் குறைக்க மூன்று முறை ரத்தம் எடுத்தாயிற்று. ரத்த அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியாவும் 75 மி.கி. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சர்க்கரை 8.4இலிருந்து 6.2 ஆகிவிட்டது, வீட்டு மெஷினிலோ வெறும் வயிற்றிலேயே 170. எதை நம்ப? அசதிக்கு இரும்பு டானிக் கொடு என்கிறாள் அத்தை. பதநீர் குடிக்கலாமா என்று அப்பா கேட்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

மெஷினை நம்புங்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கில்தான் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையே நிற்கிறது. ரத்தம் எடுத்த இடத்தை நிரப்பியவை புது அணுக்கள். சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நாள் போதவில்லை. அதனால்தான் 6.2. பின்னால் இரும்பு குறையும்போது இதே சோதனை பொய்யாகக் கூடியும் காட்டும். அந்த 6.2ஐ நம்பி யாரும் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. வெறும் வயிற்று அளவையும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வரும் அளவையும் தேதியோடு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். சிவப்பணுவைச் சாராத ஃபுரக்டோசமைன் சோதனை ஒன்றும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மெஷினிலும் ஒரு குறை. பிசிவி கூடினால் பல ஸ்ட்ரிப்புகள் சர்க்கரையைக் குறைத்துக் காட்டும். எந்தப் பிசிவி வரை தாங்கும் என்று டப்பாவோடு வரும் தாளில் போட்டிருக்கும். லேபில் ரத்தம் கொடுக்கிற அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பார்த்து ஒப்பிடுங்கள்.

டானிக் வேண்டாம். ஒரு முறை 450 மி.லி. எடுத்தால் 200 மி.கி. அளவுக்கு இரும்பு போகிறது. சிவப்பணுவை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு அந்தத் தட்டுப்பாடுதான் கடிவாளம். டானிக் அதை அவிழ்த்துவிடும், பிசிவி ஏறும். 45க்குக் கீழே வைப்பதே குறி. 2013இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், 45க்கும் 50க்கும் இடையில் வைத்திருந்தவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பும் மாரடைப்பு போன்றவற்றால் வரும் சாவும் ஏறத்தாழ நான்கு மடங்கு. முருங்கைக்கீரை சாப்பாட்டோடு வருவது வரட்டும். அசதி தாங்கவில்லை என்றால் ரத்தநோய் டாக்டரிடம் சொல்லுங்கள், இரும்பைப் பற்றி அவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ இருந்தால் அது நீரை வெளியேற்றி ரத்தத்தைக் கெட்டியாக்கும், யூரிக் அமிலத்தையும் ஏற்றும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் பிசிவியை உயர்த்தும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நல்லவை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை டாக்டர் எழுதியது ரத்தநோய் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் போதும், இல்லையென்றால் பிசிவி ஏறியதற்கு ஹைட்ராக்சியூரியாவைக் கூட்டிவிடுவார். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கித் தராதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.

தினமும் அப்பாவின் கால்களைப் பாருங்கள். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலில், வலியில்லாமல் வரும். ஹைட்ராக்சியூரியா புண் கணுக்கால் பக்கம் வரும், வலி உயிர் போகும். சர்க்கரைப் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் கட்டுப் போட்டாலும் ஆறாது, மாத்திரையை மாற்றினால்தான் ஆறும். ஹைட்ராக்சியூரியா வெள்ளணுவையும் குறைக்கும், அதனால் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள்.

பதநீர் ஒரு தம்ளரில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு ஆகாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் வெயிலுக்கு உடம்பு வற்றவே கூடாது; ரத்தம் இன்னும் கெட்டியாகும். இதயக் கோளாறுக்காகவோ சிறுநீரகக் கோளாறுக்காகவோ டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தாலொழிய, உப்புக் குறைந்த நீர்மோரும் தண்ணீருமாகத் தாராளமாகக் குடிக்கட்டும். பிசிவி பார்க்கப் போகிற காலையிலும் தண்ணீர் குடித்துவிட்டே போகட்டும். வற்றிய உடம்பில் எடுத்தால் எண் கூடித் தெரியும், தேவையில்லாமல் இன்னொரு முறை ரத்தம் எடுத்துவிடுவார்கள்.